வயிற்றுப்போக்கில் முதலில் அறிய வேண்டியது

சங்கங்களின் ஏடுகளைப் பார்வையிடுவது என் அன்றாட உத்தியோகம். அவ்வேடுகளில் எண்கள் மட்டுமே இருப்பதாக வெளியார் எண்ணுவர். உண்மையில் ஒரு கிராமத்தின் சுகதுக்கங்கள் யாவும் அவற்றில் பதிவாகியிருக்கின்றன. நகைக்கடன் ஏட்டில், கடன் பெறும் காரணத்தைக் குறிப்பதற்கென்று ஒரு பத்தி உண்டு. விதைக்கு, உரத்துக்கு, பள்ளிக் கட்டணத்துக்கு, மகளின் திருமணத்துக்கு என்று வரிசையாக எழுதப்பட்டிருக்கும். அவற்றினிடையே 'மருத்துவச் செலவு' என்பதும் அடிக்கடி தலைகாட்டும். என்ன மருத்துவம் என்று கேட்பது என் கடமையன்று. ஆயினும் கேட்டுவிடுவது என் பழக்கம். வீட்டில் குழந்தைக்கோ பெரியவருக்கோ வாந்தியும் பேதியும் என்ற விடை நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே கிடைத்து வந்திருக்கிறது.

அத்தகைய ஒரு பதிவே இக்கட்டுரைக்குக் காரணம். குழித்தறி நெய்யும் குடும்பம் ஒன்று. ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. முதல் நாள் மாலை வாந்தி, அன்றிரவே தண்ணீராகப் பேதி, இலேசான காய்ச்சல். மறுநாள் காலை பக்கத்து ஊர்த் தனியார் மருத்துவமனை ஒன்றில் ஓர் ஊசி, இரண்டு வகை மருந்துகள், இரத்தப் பரிசோதனை, மலப் பரிசோதனை. 'கிருமி ஒன்றும் அகப்படவில்லை' என்று முடிவு வந்தது. அகப்படவில்லை என்றதும் வீட்டாருக்குப் பயம் அதிகரித்தது. மறுநாள் வேறோர் இடம், வேறு பரிசோதனைகள். குழந்தையின் பாட்டியார் மருமகளின் கம்மலைக் கழற்றி வாங்கிக்கொண்டு சங்கத்துக்கு வந்து 8,000 ரூபாய் பெற்றுச் சென்றார். இவ்வளவும் நடந்த இரண்டு நாட்களில், குழந்தை தண்ணீர் கேட்டுக் கேட்டு அழுதிருக்கிறது. "குடுத்தா கூடவே போகுதுங்க ஐயா, அதனாலதான் நிறுத்தி வெச்சோம்" என்று அந்த அம்மையார் என்னிடம் சொன்னார். மூன்றாம் நாள் மாலை குழந்தை அழுவதையும் நிறுத்திவிட்டது. கண்கள் குழி விழுந்து துவண்ட நிலையில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்றார்கள். நரம்பின் வழியே நீர் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். அங்கிருந்த மருத்துவ அதிகாரி கேட்ட முதற் கேள்வி, "கடைசியாக எப்போது சிறுநீர் போனாள்?" என்பதாம். வீட்டில் எவருக்கும் விடை தெரியவில்லை. அதுவரை எவரும் அக்கேள்வியைக் கேட்கவும் இல்லை.

வாந்திபேதியில் அறிய வேண்டியவை இரண்டு. எந்தக் கிருமி என்பது ஒன்று. எவ்வளவு நீர் இழப்பாயிற்று என்பது மற்றொன்று. நம் மக்கள் முன்னதற்குப் பணம் செலவழிக்கிறார்கள். பின்னதைக் காசில்லாமல் தம் கண்ணாலேயே அறியலாம் என்பதை மறந்துவிடுகிறார்கள். இவ்வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். நான் வைத்தியனல்லன். ஆயினும் இவ்விஷயத்தில் மருத்துவ நூல்கள் கூறுவது, பட்டம் பெற்ற எவரும் படித்து உணரக்கூடிய அளவுக்குத் தெளிவாக இருக்கிறது.

கிருமியைத் தேடுவது வீண் வேலை என்று நான் சொல்ல வரவில்லை. அத்தேடலால் விளைந்த நன்மை பெரிது. குழந்தைகளின் பேதிக்குப் பெரும்பாலும் எது காரணம் என்பது 1970 வரையில் மருத்துவ உலகுக்கே புலப்படாதிருந்தது. 1968-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓஹையோ மாகாணத்து நார்வாக் என்னும் ஊரில், ஒரு பள்ளியின் பிள்ளைகளும் ஆசிரியர்களும் கூட்டமாக வாந்தி எடுத்தனர். அன்று சேகரித்த மலத்தைக் கொண்டு, 1972-இல் கபிக்கியான் என்னும் அறிஞர், எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அதுகாறும் காணாத ஒரு வைரஸைக் கண்டார். இன்று நோரோ வைரஸ் என வழங்குவது அதுவே. மறு ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ரூத் பிஷப் என்னும் பெண்மணியும் அவருடைய துணைவர்களும், பேதியால் வாடிய குழந்தைகளின் குடல் திசுவில் மற்றொன்றைக் கண்டனர். அது சக்கரம் போன்ற வடிவுடையதாகையால், இலத்தீன மொழியில் சக்கரத்தைக் குறிக்கும் சொல்லைக் கொண்டு ரோட்டா வைரஸ் என்று அதற்குப் பெயரிடப்பட்டது. இராட்டை சுற்றும் நம் வீடுகளுக்கு அப்பெயர் நினைவில் நிற்கும்.

இக்கண்டுபிடிப்பால் நமக்கு நேரான பயன் கிட்டியிருக்கிறது. தடுப்பு மருந்து பரவுவதற்கு முன், நம் நாட்டில் பேதிக்காக ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேருக்கு ரோட்டா வைரஸே காரணமாயிருந்தது. நம் நாட்டிலேயே உருவான சொட்டு மருந்து ஒன்று டெல்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் சோதிக்கப்பெற்று, 2014-இல் அனுமதி பெற்றது. 2016-இல் தேசியத் தடுப்புத் திட்டத்தில் ரோட்டா தடுப்பு மருந்து சேர்க்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2017 முதல் 6, 10, 14 வாரங்களில் இலவசமாகக் கொடுக்கப்பட்டு வருகிறது. இதைத் தவறவிட்ட வீடு நம் அங்கத்தினர்களில் ஒன்றுகூட இருக்கலாகாது.

ஆனால் நாட்டுக்குத் தெரிய வேண்டியது வேறு, நோயாளிக்குத் தெரிய வேண்டியது வேறு. ரோட்டா, நோரோ என்ற வேற்றுமையை அறிந்தாலும், படுத்திருக்கும் குழந்தைக்குச் செய்யும் சிகிச்சை மாறுவதில்லை. இவ்வைரஸ்களைக் கொல்லும் மருந்து வழக்கத்தில் இல்லை. பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு வைரஸ் கட்டுப்படுவதுமில்லை. சில வேளைகளில் அம்மருந்தே பேதியை மிகுவிக்கும். ஆகவேதான், தேர்ந்த மருத்துவர் சாதாரணமான வாந்திபேதிக்கு மலப் பரிசோதனை எழுதிக் கொடுப்பதில்லை. எழுதிக் கொடுக்காததைக் கண்டு, 'இவருக்கு ஒன்றும் தெரியவில்லை' என்று நாம் வேறிடம் போகிறோம். ஒரே ஒரு விடால் பரிசோதனையைச் செய்து, டைபாய்டு என்று முடிவு கட்டிக்கொண்டு திரும்புவோரும் பலர். அந்த ஒற்றைப் பரிசோதனையை நம்பி டைபாய்டை உறுதி செய்யலாகாது என்பது மருத்துவர்கள் அறிந்த சங்கதி.

பரிசோதனை இல்லாமல் மருத்துவர் எவ்விதம் அறிகிறார்? கேள்விகளால் அறிகிறார். எப்போது ஆரம்பித்தது? முதலில் வாந்தியா, பேதியா? மலம் தண்ணீராகப் போகிறதா, சீதமும் இரத்தமும் கலந்திருக்கிறதா? வீட்டில் வேறு எவருக்கேனும் உண்டா? வைரஸால் வரும் பேதி பெரும்பாலும் வாந்தியுடன் திடீரென்று தொடங்கும், மலம் நீர்த்திருக்கும், இரத்தம் இராது, காய்ச்சல் இலேசாக இருக்கும். ரோட்டா, கிருமி புகுந்த இரண்டு நாளில் தலைகாட்டி, மூன்று நாள் முதல் எட்டு நாள் வரை நீடிக்கும். நோரோ 12 முதல் 48 மணி நேரத்தில் வெளிப்பட்டு, ஒன்று முதல் மூன்று நாளில் அடங்கும். இவ்விடைகளைத் தாய் சரியாகச் சொன்னால், பரிசோதனைக் கூடத்தின் வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. ஆனால் தாய் சொல்ல வேண்டுமே! "நேத்து இருந்து போய்க்கிட்டே இருக்குங்க" என்பதற்கு மேல் விடை வருவதில்லை. பேதி எத்தனை முறை, வாந்தி எத்தனை முறை, குடித்தது எவ்வளவு, சிறுநீர் கழித்தது எப்போது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து எடுத்துச் சென்றால் போதும். நூல் வாங்கிய கணக்கையும் சேலை கொடுத்த கணக்கையும் பாஸ் புத்தகத்தில் பிசகாமல் பார்க்கும் நம் அங்கத்தினர்களுக்கு இது முடியாத காரியமன்று.

இனி, நீரிழப்பை அறியும் வழி. குழந்தை அமைதியின்றிச் சிணுங்குகிறதா? கண்கள் உள்வாங்கியிருக்கின்றனவா? கிண்ணத்தைக் காட்டியதும் ஆவலுடன் பாய்ந்து குடிக்கிறதா? வயிற்றுத் தோலை இரு விரல்களால் மெல்ல எடுத்து விட்டால், உடனே படியாமல் மெதுவாகப் படிகிறதா? இவற்றில் இரண்டு இருந்தால் நீர் ஓரளவு இழப்பாகியிருக்கிறது. சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும், போகும் வழியிலும் குடிக்கக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். குழந்தை துவண்டு கிடக்கிறது, எழுப்பினால் சரியாக விழிக்கவில்லை, குடிக்க இயலவில்லை, தோல் மடிப்பு இரண்டு வினாடிக்கு மேலும் அப்படியே நிற்கிறது என்றால் அபாயம்; ஒரு கணமும் தாமதமின்றி ஆஸ்பத்திரி. ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் கழியாவிட்டாலும், அழும்போது கண்ணீர் வராவிட்டாலும் அலட்சியம் கூடாது. நான் மேலே சொன்ன வீட்டில், இரண்டாம் நாள் காலையிலேயே முதல் வகை அடையாளங்கள் யாவும் இருந்திருக்கின்றன என்று பின்னர் விசாரித்து அறிந்தேன். குழந்தை தாகத்தால் கிண்ணத்தைப் பிடுங்கியதைப் பிடிவாதம் என்று கருதியிருக்கிறார்கள்.

"கிருமி இன்னதென்று அறியாமல் செய்யும் வைத்தியம் குருட்டு வைத்தியம் ஆகாதா?" என்று படித்த அன்பர் ஒருவர் என்னை மடக்கினார். அவருக்கு நான் சொன்ன விடை 1971-ஆம் ஆண்டில் நடந்த ஒரு சம்பவம். வங்கதேசப் போரின்போது எல்லை கடந்து வந்த அகதிகளிடையே காலரா பரவியது. மேற்கு வங்கத்துப் போன்காவ் முகாமில் பணியாற்றிய டாக்டர் திலீப் மகலானபிஸுக்கு, நரம்பில் ஏற்றும் நீர் தீர்ந்துபோகும் நிலை. அவர் உப்பும் சோடாவும் குளுக்கோஸும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, உறவினர்களைக் கொண்டே நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு 30 வரை இருந்த சாவு, அவர் பொறுப்பிலிருந்தவர்களிடையே நூற்றுக்கு 4-க்கும் கீழே இறங்கியது. ஒவ்வொருவர் மலத்தையும் சோதித்து முடிவு கண்ட பிறகா அவர் கொடுத்தார்? பேதியால் வற்றிய குடலிலும், சர்க்கரையும் உப்பும் அளவாகச் சேர்ந்தால் நீர் உட்புகும் என்ற உடற்கூற்று உண்மையை நம்பிக் கொடுத்தார். காலராவுக்கும் ரோட்டாவுக்கும் கிருமி வேறு. இழக்கும் பொருள் ஒன்றே.

அந்த நீரைத்தான் இன்று ஓ.ஆர்.எஸ். என்று பொட்டலத்தில் கொடுக்கிறார்கள். உலகச் சுகாதார ஸ்தாபனம் 2002-இல் திருத்தி அமைத்த அளவின்படி, ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம். பெரிய பொட்டலத்தை முழுவதாக ஒரு லிட்டர் நீரில் கரைக்க வேண்டும். அரைப் பொட்டலத்தை அரை டம்ளரில் கரைப்பது தீங்கு. சிறிய பொட்டலங்களும் விற்கின்றன. எவ்வளவு நீர் என்பதை உறையில் பார்த்துக் கரைக்க வேண்டும். ஒவ்வொரு பேதிக்குப் பின்னும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்துத் தேக்கரண்டி தேக்கரண்டியாகக் கொடுக்கலாம். கரைத்தது 24 மணி நேரத்துக்கு மேல் ஆகாது. தாய்ப்பாலை ஒருபோதும் நிறுத்தலாகாது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் துத்தநாக மாத்திரை நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் வீதம் 14 நாள் கொடுக்கச் சொல்லுகிறார்கள். பேதி நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுவது நம்மிடையே பொதுவான தவறு. உப்பிட்ட அரிசிக் கஞ்சியும் நல்லதே. பாவுக்குத் தவறாமல் கஞ்சி போடும் வீட்டில் பேதி கண்ட குழந்தைக்குக் கஞ்சி மறுக்கப்படுவதை நான் கண்டிருக்கிறேன்.

கடைகளில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துக்களைத் தாங்கி விற்ற இனிப்புப் பானங்கள் இதற்கு ஈடாகா. அவற்றில் சர்க்கரை மிகுதி. உப்பின் அளவு வேறு. அவ்வெழுத்துக்களைச் சாதாரணப் பானங்களின் பெயரில் சேர்க்கலாகாது என்று 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது.

பெரியவர்களைப் பற்றியும் கூற வேண்டும். கல்யாண விருந்துக்குப் பின் ஊரே படுத்தால், 'விஷ உணவு' என்று சமையற்காரர் மேல் பாய்கிறோம். உண்ட ஒன்று முதல் ஆறு மணி நேரத்தில் பலர் வாந்தி எடுத்தால் உணவில் ஊறிய நஞ்சு என்று ஐயுறலாம். ஓரிரு நாள் கழித்துத் தொடங்கினால் கதை வேறு. 1982-இல் கப்லான் என்பவரும் துணைவர்களும், மலச்சோதனையில் வைரஸைக் காண வசதியில்லாத இடங்களுக்கென்று ஓர் அளவுகோல் வகுத்தனர். நோயுற்றோரில் பாதிக்கு மேற்பட்டோருக்கு வாந்தி. நோய் தோன்ற 24 முதல் 48 மணி நேரம். நீடிப்பது 12 முதல் 60 மணி நேரம். பாக்டீரியா எதுவும் அகப்படாமை. இந்நான்கும் பொருந்தினால் நோரோ வகையே என்று கொள்ளலாம். எண்ணிப் பார்த்தே நோயை இனங்காணும் இம்முறை, கணக்கோடு பழகிய எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று என்பதை ஒளிக்க விரும்பவில்லை. நோரோவுக்குக் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். சாராயச் சத்துள்ள கைத்துடைப்பு நீர் அதற்குப் போதாது. பேதி கண்ட சமையலாள், நின்ற பிறகும் இரண்டு நாள் அடுப்பங்கரைக்கு வரலாகாது.

ஆயினும் எல்லா வாந்திபேதியையும் வைரஸ் என்று ஒதுக்கிவிடுவதும் அபாயமே. மலத்தில் இரத்தம் கண்டால் அது சீதபேதியாக இருக்கலாம். அங்கே கிருமியை அறிவதும் அதற்குரிய மருந்தும் அவசியம். அரிசி கழுவிய நீர் போல் ஓயாமல் போனால் காலராவை நினைக்க வேண்டும்; அதைச் சுகாதாரத் துறைக்கு உடனே தெரிவிக்கவும் வேண்டும். பச்சை நிறமாக வாந்தி, வயிறு உப்புதல், தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலப்புற அடிவயிற்றுக்கு இறங்கும் வலி ஆகியவை குடலடைப்பு, குடல்வால் அழற்சி போன்றவற்றின் அறிகுறிகளாகலாம். பேதியே இல்லாமல் வாந்தி மட்டும் தொடர்ந்தால் அது வயிற்று நோய்தானா என்பதே சந்தேகம். வயதானவருக்கு மேல்வயிற்றில் பாரமும் வாந்தியும் வியர்வையும் சேர்ந்து கண்டால் இருதயத்தைப் பார்க்க வேண்டும். நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை உண்பவர், பேதியின்போது அம்மாத்திரைகளைப் பற்றி மருத்துவரைக் கேட்டறிய வேண்டும்.

விவசாயி அங்கத்தினர்களுக்குத் தனியாக ஒன்று. பருத்திக்கோ கத்தரிக்கோ பூச்சிமருந்து அடித்துத் திரும்பியவருக்கு வாந்தியும் பேதியும் வந்தால், 'வெயில் ஒத்துக்கொள்ளவில்லை' என்று மோரைக் கொடுத்துப் படுக்க வைத்துவிடுகிறார்கள். எச்சில் ஒழுகுதல், மிகுந்த வியர்வை, கண்ணின் பாவை ஊசிமுனையாய்ச் சுருங்குதல், தசை துடித்தல் இவை கூடியிருந்தால் அது மருந்தின் நஞ்சு. உடுப்பைக் களைந்து, மேனியைச் சோப்பிட்டுக் கழுவி, மருந்துப் புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இங்கே ஒரு மணி நேரத் தாமதமும் உயிரைக் கேட்கும். அம்மருந்தை விற்றது நம் சங்கமாகவே இருக்கக்கூடுமாதலால், இதை அங்கத்தினர்களுக்குச் சொல்லும் கடமையும் நம்முடையதே.

இதனால் சங்கங்களுக்கு நான் கூறும் யோசனை சிறியது. சங்க அலுவலகத்தில் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் ஒரு பெட்டி இருக்கட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் அவை இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் பேதி இரவில் வருகிறது, சங்கக் காரியதரிசியின் வீடோ தெருக்கோடியில் இருக்கிறது. நீரிழப்பின் அடையாளங்களைப் பெரிய எழுத்தில் எழுதி, நூல் பட்டுவாடா செய்யும் இடத்தில் ஒட்டட்டும். 'மருத்துவச் செலவு' என்று நகையுடன் வருவோரிடம், குழந்தை சிறுநீர் கழித்ததா என்று காரியதரிசி ஒரு வார்த்தை கேட்கட்டும். கடனை மறுக்கச் சொல்லவில்லை. எக்காரணத்தாலும் மறுக்கக் கூடாது. கடன் எழுதும் அந்த நேரத்தில் பொட்டலத்தையும் கையில் கொடுக்கச் சொல்லுகிறேன்.

இதை ஒரு நிர்வாகக் குழுக் கூட்டத்தில் நான் பிரஸ்தாபித்தபோது, "மருந்துக்கடை வேலை நமக்கு எதற்கு?" என்று மூத்த டைரக்டர் ஒருவர் ஆட்சேபித்தார். தமிழ்நாட்டில் கூட்டுறவு மருந்தகங்கள் நெடுங்காலமாக நடந்து வருகின்றன என்பதை அவருக்கு நினைவூட்டினேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை, செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. பொது நல நிதியில் எழுத இடமுண்டு என்பது என் கருத்து. துணை விதிகளைப் பார்த்துத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு விஷயம் ஒத்தி வைக்கப்பட்டிருக்கிறது. இவ்வாறு முன்பே செய்து வரும் சங்கங்கள் இருப்பின், அவை செலவை எத்தலைப்பில் காட்டுகின்றன என்பதை இப்பத்திரிகைக்கு எழுதினால், அக்கூட்டத்தில் எடுத்துக் காட்ட எனக்கு உதவியாக இருக்கும்.